நாக்கா, வயிறா, மனசா? எடை குறைக்கும் ஊசி போட்டால் ருசி எங்கே போகிறது

அரைக்கரண்டி | 2025 டிசம்பர் 14, காலை

வாராவாரம் எடை குறைக்கிற ஊசி போட்டுக்கறவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்றாங்க: நாக்கு செத்துப் போச்சு. இட்லி, பிரியாணி, பில்டர் காபி எதுவும் பிடிக்கலையாம். மருந்து வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படணுமா, ஏதோ கெட்டுப் போச்சுன்னு பயப்படணுமா? கிலோ குறையுது, சரி. அதுக்காக தினமும் இலை முன்னாடி கஷாயம் குடிக்கிற மூஞ்சியோட உட்காரணுமா?

மிளகுரசம் | டிசம்பர் 14, இரவு

"நாக்கு செத்துப் போச்சு" என்ற ஒரே வார்த்தையில் மூன்று வேறு புகார்கள் ஒளிந்திருக்கின்றன. பிரிக்காமல் வைத்தியம் பார்த்தால் எதுவும் சரியாகாது.

வயிற்றுப் புகார்: நாலு வாய் வைத்ததும் நெஞ்சுவரை நிற்கிறது, தாளிப்பு நெடி வந்தாலே குமட்டுகிறது.
நாக்குப் புகார்: உப்பு உறைப்பு தெரியவில்லை, வாய் கசக்கிறது, இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது.
மனசுப் புகார்: வாயில் போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எடுத்துப் போடத் தோன்றவில்லை. எதிரே வடை இருக்கிறது, கை போகவில்லை.

மருந்து நேரடியாகக் கை வைப்பது முதலாவதிலும் மூன்றாவதிலும்தான். செமாக்ளூடைடு (வெகோவி, ஓசெம்பிக், மாத்திரையாக ரைபெல்சஸ்) ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போல வேலை செய்யும். டிர்செபடைடு (மௌஞ்சாரோ) அதோடு ஜிஐபி என்ற இன்னொன்றையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டும் இரைப்பை காலியாவதை மந்தமாக்கும். மூளையில் பசியையும் குமட்டலையும் கவனிக்கும் இடங்களுக்கும் போய்ச் சேரும். நாக்கு மாறுவது சிலருக்குத்தான். அப்போதும் குற்றவாளி பெரும்பாலும் வேறு ஆள்.

பசிக்கவில்லை என்றால் ஒரு வேளையை விட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது.

மிளகுரசம் | டிசம்பர் 15

எந்தப் புகார் என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். காலையில், பல் தேய்த்து அரை மணி கழித்து, காபிக்கு முன்னால்.

வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேறு ஒருவர் கையால் நாக்கில் வைக்கச் சொல்லுங்கள்: மிளகு அளவு வெல்லம், நாலு கல் உப்பு, ஒரு சொட்டு எலுமிச்சை, ஒரு சொட்டு காபி டிகாக்‌ஷன். ஒவ்வொன்றுக்கும் நடுவே கொப்பளிப்பு. நாலும் பெயர் சொல்ல வந்தால் நாக்கு உயிரோடுதான் இருக்கிறது.

அடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காய் விதையை மெல்லுங்கள். மூக்கு மூடியிருக்கும்வரை காரமாக ஏதோ மரத்தூள் மாதிரி இருக்கும். விட்டதும் ஏலக்காய் 'வந்துவிட' வேண்டும். வரவில்லை என்றால் பிரச்சினை மூக்கில். சளியாக இருக்கலாம், பழைய கோவிட்டின் மிச்சமாகவும் இருக்கலாம். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான்.

இரண்டிலும் தேறிவிட்டால் மிச்சம் வயிறும் மனசும்.

நாக்கில் தோற்றவர்கள் பார்க்க வேண்டியவை: மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இரும்பு வாடை அதன் தெரிந்த பக்க விளைவு. ரொம்ப வருஷமாகச் சாப்பிட்டால் பி12-யும் குறையலாம். சாப்பாடு பாதியானதில் துத்தநாகமும் இரும்புச்சத்தும் குறைந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வாய் வறண்டிருக்கிறதா? எச்சிலில் கரைந்தால்தான் உப்பு உப்பாகத் தெரியும். இந்த மருந்தில் பசியோடு தாகமும் மங்கும், அதனால் நாக்கு காய்ந்துகிடப்பதே தெரியாது.

அவசர வைத்தியம்: ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு. சாப்பாட்டுக்கு முன் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. நாக்கு வழிப்பானை எடுத்து வழியுங்கள். இரும்பு வாடை இருந்தால் எவர்சில்வர் தட்டு, ஸ்பூன் இரண்டையும் ஒதுக்கிவிட்டு வாழையிலையும் கையும்.

மிளகுரசம் | டிசம்பர் 17

14-ஆம் தேதி கடைசி வரியை அடித்துவிடுங்கள். "ஒரு வேளையை விட்டுவிடலாம்" என்பது எல்லாருக்கும் பொருந்தாது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ கூடவே போகிறவர்கள் வேளையை விட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும்: கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல். ஊசி தொடங்கும்போதே அந்த மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். நம்மூரில் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் ஒரே மாத்திரையாக வருவதால், தான் எதைச் சாப்பிடுகிறோம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

இப்போது வயிறு. பிரியாணியை ஏன் பார்க்கவே பிடிக்கவில்லை? கொழுப்பு தானாகவே இரைப்பையை மெதுவாக்கும். மருந்து ஏற்கெனவே மெதுவாக்கி வைத்திருக்கிறது. மதியம் 1 மணிக்குப் போன தம் பிரியாணி, சிக்கன் 65, எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய் மூன்றும் ராத்திரிவரை இறங்காமல் உட்கார்ந்திருக்கும். பிறகு எதுக்களிப்பு, அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம். ஒரு தடவை இப்படி அவதிப்பட்டால் மூளை அந்த வாசனையையே எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். 'பிரியாணி பிடிக்காமல் போனது' என்பதில் பாதி இதுதான். ருசி சாகவில்லை, பயம் ஒட்டிக்கொண்டது. அதனால் புது டோஸ் ஏறிய முதல் வாரத்தில் ரொம்பப் பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். பிடிக்காததைச் சாப்பிட்டு அதை வெறுத்தால் நஷ்டமில்லை.

சூட்டையும் கவனியுங்கள். ஆவி பறந்தால் மணம் அதிகமாக எழும், குமட்டலும் கூடவே. அறைச்சூட்டில் இருக்கும் தயிர் சாதம், பழைய சோறு, ஆறின இட்லி எல்லாம் அடங்கிப் போகும். மசக்கைக்காரிக்குப் பாட்டி சொல்லும் அதே பத்தியம்தான், இப்போது மாமாவுக்கு.

டிகாக்‌ஷன் | டிசம்பர் 18

காபியைப் பத்தி ஒரு வரி சொல்லிட்டுப் போங்க சார். மாத்திரை போடறவங்க அரை மணி காபி குடிக்கக் கூடாதாமே, இது கொடுமை இல்லையா?

மிளகுரசம் | டிசம்பர் 18

கொடுமைதான், ஆனால் காரணம் உண்டு. ரைபெல்சஸ் மாத்திரை இரைப்பைச் சுவர் வழியாகத்தான் உள்ளே போகும். வெறும் வயிறு, 120 மில்லிக்கு மேல் போகாத வெறும் தண்ணீர், பிறகு குறைந்தது 30 நிமிஷம் எதுவும் கூடாது. பல் தேய்க்கும் முன்னால் மாத்திரையைப் போட்டுவிட்டு, பால் வாங்கி வந்து, டிகாக்‌ஷன் இறக்கினால் கணக்கு சரியாக வரும்.

ஊசிக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது. வெறும் வயிற்றில் காபி குமட்டினால் முதலில் ஒரு இட்லியோ இரண்டு பிஸ்கட்டோ. அப்புறம் டபராவில் பாதி, நன்றாக ஆற்றி.

மிளகுரசம் | டிசம்பர் 21

மார்கழி பிறந்துவிட்டது, சபா கேண்டீன் கேள்விகள் தனிமடலில் குவிகின்றன. கச்சேரிக்கு வரும் கூட்டத்தில் பாதி கேண்டீனுக்கு வருவது ஊரறிந்த ரகசியம். ஊசி போட்டுக்கொண்டு அங்கே போய் என்ன செய்வது?

முதல் வாய்க்கு இருக்கும் ருசி பத்தாவது வாய்க்கு இருப்பதில்லை. மருந்தே இல்லாதவருக்கும் அப்படித்தான். மிஷேல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியலாளர் 1971-ல் இதைப் பற்றி எழுதினார்: ஒரே இனிப்பு பசியில் இன்பம், வயிற்றில் சர்க்கரை இறங்கியபின் திகட்டல். நாக்கு மாறவில்லை, உடம்பின் தேவை மாறியது. ஊசி இந்தத் திகட்டலை முன்னால் இழுத்து மூன்றாவது வாய்க்கே கொண்டுவந்துவிடுகிறது. ஆக உங்களுக்கு இருப்பது மூன்று நல்ல வாய். அதை எதில் செலவழிக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கேண்டீனில்: நாலு பேராகப் போங்கள். ஒரு கீரை வடை, ஒரு ரவா தோசை, ஒரு அசோகா அல்வா, ஒரு காபி வாங்கி நடுவில் வையுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு. புதுசாக வரும் ஒவ்வொரு ருசியும் நாக்கை மறுபடி எழுப்பும். ஒரே பொருளில்தான் திகட்டல் சீக்கிரம் வரும். தனியாகப் போய் முழு சாப்பாட்டு டோக்கன் வாங்குவது காசுக்குக் கேடு.

மெல்லுவதும் முக்கியம். வடையின் மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் கிள்ளி, பதினைந்து இருபது தடவை மென்று, விழுங்கும் முன் மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். சோம்பும் இஞ்சியும் அப்போதுதான் ஏறும்.

மாம்பலம்வாசி | டிசம்பர் 27

இதெல்லாம் கேட்க நல்லா இருக்கு. ஆனா டயட்டீஷியன் எல்லாரும் புரோட்டீன் முதல்லன்னு சொல்றாங்க. இருக்கிற மூணு வாயையும் அசோகாவுல போட்டா தசை கரையாதா? நீங்க ருசி ருசின்னு ஆளைக் கவுத்துடுவீங்க போல.

மிளகுரசம் | டிசம்பர் 28

நியாயமான அடி. கணக்கு போடுவோம்.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும். இந்த மருந்துகளின் ஆய்வுகளில், இழந்த எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்குவரை கொழுப்பல்லாத எடை. இந்தியப் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன். எடை குறைப்பவர்களுக்கு 1 கிராமுக்கு மேல் சொல்வது வழக்கம். (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.)

சைவத்தில் ஒரு நாளைக்கு சுமார் 60 கிராம் எப்படி வரும்: பனீர் 100 கிராமில் 18, காய்ந்த சோயா உருண்டை 25 கிராமில் 13, வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8, ஒரு கப் கெட்டிப் பருப்பில் 8, தயிர் 200 கிராமில் 6, ஒரு கை வேர்க்கடலையில் 6. அசைவத்தில் இரண்டு முட்டை (12), 100 கிராம் மீன் (20), 100 கிராம் வெந்த கோழி (27) என்று சீக்கிரம் முடிந்துவிடும். இட்லி ஒன்றில் 2 கிராம்தான், இட்லியை நம்பி இறங்காதீர்கள்.

ஆகவே மாம்பலம்வாசி சொல்வது சரி: புரோட்டீன் முதலில்.

மிளகுரசம் | 2026 ஜனவரி 2

ஐந்து நாள் யோசித்தபின் மேலே இருக்கும் கடைசி வரியோடு எனக்கே சண்டை.

புரோட்டீன் முதலில் என்றால் நடப்பது இது: ஆசையாக இருந்தவர் முதல் மூன்று வாயில் சோயா உருண்டையைத் தின்கிறார். நாலாவது வாய்க்கு வயிறு நிரம்புகிறது. வத்தக்குழம்பு தட்டில் ஆறிப்போகிறது. பத்து நாள் இப்படிப் போனால் சாப்பாட்டு மேஜை என்பதே சோயா உருண்டை என்று மனசில் பதியும். மனசுப் புகாரை நாமே வளர்த்துவிடுகிறோம்.

'வேண்டும் என்ற இழுப்பு' வேறு, 'வாயில் பட்டதும் வரும் இன்பம்' வேறு. மூளையில் இரண்டுக்கும் தனித்தனி வழி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளில் காட்டியது: டோபமைன் (அந்த இழுப்பை உண்டாக்கும் மூளை ரசாயனம்) ஏறக்குறைய முழுக்க அழிக்கப்பட்ட எலி, சாப்பாடு பக்கத்தில் இருந்தாலும் தேடிப் போகாது, ஆனால் சர்க்கரைத் தண்ணீரை அதன் வாயில் விட்டால் உதட்டை நக்கி ரசிக்கும். ஊசியும் அதிகம் மங்கவைப்பது இந்த இழுப்பைத்தான் என்று தோன்றுகிறது. 2017-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 30 பேருக்கு 12 வாரம் செமாக்ளூடைடு கொடுத்து, பிறகு விருப்பப்படி சாப்பிட விட்டார்கள்: 24 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள், கொழுப்பு மிகுந்த உணவில் நாட்டமும் குறைந்தது. ஆக, ஆசை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வராது. தட்டில் வைத்து, வாயில் போட்ட பிறகுதான் தெரியும்.

திருத்திய வரிசை: முதல் இரண்டு வாய் பிடித்தது. அடுத்தது புரோட்டீன். சோறு கடைசி. நம் பந்தி இலையிலும் முதலில் விழுவது இனிப்புத்தானே? பாட்டிகளுக்குக் கபனாக்கைத் தெரியாது, அவ்வளவுதான்.

மாம்பலம்வாசி | ஜனவரி 2

ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு வாய்னா ரெண்டு வாய். எண்ணிக்கிட்டு இருப்பேன்.

மிளகுரசம் | ஜனவரி 5

குமட்டல் நாட்களுக்கு ஒரு ரசம், மூன்று டம்ளர் அளவு. புளி நெல்லிக்காய் அளவுதான், எலுமிச்சை அளவு வேண்டாம். பழுத்த தக்காளி இரண்டைக் கையால் பிசையவும். மிளகு அரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், ஒரு சின்னத் துண்டு இஞ்சி, மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டவும். பூண்டு வேண்டாம்; ஏப்பத்தில் திரும்பி வரும். புளித்தண்ணீரில் தக்காளியும் உப்பும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதித்ததும், தட்டினதைப் போட்டு, பருப்புத் தண்ணீர் அரை டம்ளர் விட்டு, ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு வரும்போது இறக்கிவிடுங்கள். அதற்குமேல் கொதித்தால் மணம் எல்லாம் அடுக்களையிலேயே போய்விடும், டம்ளருக்கு வராது. தாளிப்பை வேறு ஆள் செய்யட்டும், சாப்பிடுபவர் வாசல் பக்கம் உட்காரட்டும். வெதுவெதுப்பானதும் ஒவ்வொரு வாயாக.

ருசி மந்தமானால் உப்பைக் கூட்டாதீர்கள், ஊறுகாய் அப்பளம் என்று போனால் பிரஷர் ஏறும். புளிப்பும் மணமும் கூட்டுங்கள்: சாப்பிடும் நேரத்தில் பிழிந்த எலுமிச்சை, புதினாத் துவையல், வறுத்துப் பொடித்த சீரகம்.

டிகாக்‌ஷன் | ஜனவரி 6

ராத்திரி 9 மணிக்கு இந்த ரசத்தைக் குடிச்சுட்டுப் படுத்தா நெஞ்சு எரியாதா சார்? வயிறு காலியாகறதே லேட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க.

மிளகுரசம் | ஜனவரி 6

எரியும். விட்டுப்போயிற்று. புளிப்பும் மிளகும் மதியத்துக்கு மட்டும். ராத்திரி மோர் சாதம், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே.

மிளகுரசம் | ஜனவரி 11

போகி வருகிறது, "இந்த வாரம் ஊசியை விட்டுட்டா பொங்கலன்னிக்கு ருசியா சாப்பிடலாமா?" என்று மூன்று பேர். ஒரு வாரம் விடுவதால் நினைக்கிற அளவு ருசி திரும்பாது. செமாக்ளூடைடு உடம்பில் பாதியாகவே ஒரு வாரம் ஆகும், டிர்செபடைடுக்கு சுமார் 5 நாள். அதனால் ஏழாம் நாளிலும் உச்சத்தில் ஏறக்குறைய பாதி மிச்சமிருக்கும். ருசி திரும்பும் அளவுக்குப் பல வாரம் விட்டு, பிறகு பழைய பெரிய டோஸையே போட்டால் வாந்தி நிச்சயம். அப்படி விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக் கீழ்ப்படியிலிருந்துதான் ஏற வேண்டிவரும்.

செய்யக்கூடியது கிழமையை மாற்றுவது. ஊசி போட்ட முதல் மூன்று நாளுக்குள்தான் மருந்து உச்சத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முக்கியமான வீட்டில் சனிக்கிழமை ஊசி வேண்டாம், திங்கள் வையுங்கள். மாற்றும்போது இரண்டு ஊசிக்கு நடுவே, எந்த மருந்தானாலும், குறைந்தது 3 நாள் இடைவெளி வையுங்கள். பெரிய அதிசயம் நடக்காது, குமட்டல் நாள் மட்டும் விருந்து நாளிலிருந்து தள்ளிப்போகும்.

இதைவிடப் பெரிய விஷயம் டோஸ். வெகோவி 0.25-ல் தொடங்கி 0.5, 1, 1.7, 2.4 மில்லிகிராம். மௌஞ்சாரோ 2.5-ல் தொடங்கி 15 வரை. ஒவ்வொரு படியிலும் குறைந்தது 4 வாரம். இது மலைக்கோட்டை இல்லை, உச்சிப் பிள்ளையாரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் கிடையாது. மௌஞ்சாரோவில் 5-ம் 10-ம் நிலையாக நிறுத்திவைக்கவே அனுமதிக்கப்பட்ட அளவுகள், வெகோவியில் 1.7-ம் அப்படியே. 7.5-க்கு ஏறியதும் சாப்பாடு முழுக்க வெறுத்துப்போனால் "5-க்கு இறங்கி இரண்டு மாதம் பார்க்கலாமா" என்று மருத்துவரிடம் கேட்கலாம். எடை மெதுவாகக் குறையும், அவ்வளவுதான். ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதை: செமாக்ளூடைடு ஆய்வில் நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. சாப்பாடு வெறுத்ததால் நிறுத்துகிறவரைவிடக் குறைந்த டோஸில் நிம்மதியாகத் தொடர்கிறவருக்குத்தான் லாபம் என்பது என் கட்சி.

மிளகுரசம் | ஜனவரி 16

சர்க்கரைப் பொங்கல் அறிக்கைகள் வந்தன. நெய் மிதக்க ஒரு கிண்ணம் சாப்பிட்டவர்கள் இன்று மோரோடு இருக்கிறார்கள். இரண்டு ஸ்பூன், முந்திரி மேலே ஒன்று என்று நிறுத்தியவர்கள் வெண்பொங்கலும் கேட்டிருக்கிறார்கள். கரும்பு ஒரு கணு மென்று சாறு உறிஞ்சியவர் வாய் வறட்சியே போய்விட்டது என்கிறார், எச்சில் ஊறியிருக்கும். சர்க்கரை நோயாளி என்றால் அதற்குப் பதில் நெல்லிக்காய்.

அரைக்கரண்டி | ஜனவரி 23

எல்லாம் சரி சார். பரிசோதனை பண்ணியாச்சு, நாக்கு ஓகே, மூக்கு ஓகே, டோஸும் இறக்கியாச்சு. அப்பவும் எதுவும் பிடிக்கலைன்னா? அப்புறம், தை முகூர்த்தம் வரிசையா இருக்கு. பந்தியில "போதும்"னா எவன் கேக்கறான்?

மிளகுரசம் | ஜனவரி 23, இரவு

முதல் கேள்வி சீரியஸானது. சாப்பாடு மட்டும் பிடிக்கவில்லையா, இல்லை பாட்டு, கிரிக்கெட், பேரப்பிள்ளை, எதுவுமே பிடிக்கவில்லையா? கச்சேரியில் உட்கார்ந்தும் மனசு ஒட்டவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, இரண்டு வாரமாக இப்படித்தான் என்றால் அது ருசிப் பிரச்சினை இல்லை. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், "ஊசி வேலை செய்யுது" என்று தள்ளிவிடக் கூடாது. அதேபோல, தண்ணீர்கூட நிற்காத வாந்தி, மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி, வலது விலாவுக்குக் கீழே வலி: கணையம், பித்தப்பை இரண்டையும் பார்க்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பந்திக்கு: நடுவில் உட்காராதீர்கள், கடைசி இடம். இலையில் முதலில் விழும் இனிப்பு ஒரு வாய், பிடித்த கறி ஒரு வாய் (மாம்பலம்வாசி எண்ணுவார்). சோறு வரும்போது கையை இலைமேல் குறுக்கே வைத்து "கொஞ்சம்" என்று ஒரு தடவை, அன்னக்கரண்டி சாயும்போதே. விழுந்தபின் சொல்லிப் பயனில்லை. பருப்பை மட்டும் நன்றாக வாங்குங்கள், புரோட்டீன் அங்கேதான். வடையை ஓரம் கிள்ளிவிட்டு வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் எழும்முன் இலையை மூட முடியாது, அதனால் மோர் சாதம் ஒரு பிடி மிச்சம் வைத்துப் பிசைந்துகொண்டே இருங்கள். பரிமாறுகிறவர் கண்ணுக்குக் காலி இலை பட்டால்தான் வாளி திரும்பி வரும்.